வேட்டை, வீட்டுக் கொல்லை, காட்டு உயிர்கள்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுவது தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். மோட்டாரைக் கழற்றி மாட்டும் நேரத்தில் பேச்சு பன்றிக்கும் மயிலுக்கும் பாம்புக்கும் போய்விடும். சின்ன வயதில் தாய்மாமாவுடன் வேட்டைக்குப் போனவன் என்பதும், இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மலை, கண்மாய் என்று சுற்றக் கிளம்பிவிடுவேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். நானே பார்த்ததும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதும் இங்கே இருக்கிறது.

நீங்களே வேட்டைக்குப் போனவர்தானே, இப்போது ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

1980களின் கடைசியில் மாமாவிடம் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று சிப்பிப்பாறை, இன்னொன்று கலப்பு. அறுவடை முடிந்த கொள்ளுக்காட்டில் நிலா இல்லாத இரவுகளில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். நான் பின்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். புழுக்கையை விரலால் நசுக்கி, இது இன்று போட்டதா நேற்றுப் போட்டதா என்று சொல்வார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்க்காற்றில்தான் நடப்பார். புல்லில் முயல் படுத்து எழுந்த பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்து, "சூடு இருக்குடா" என்பார். அந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு அதுதான்.

ஒரு நாள் நாய் கவ்விக்கொண்டு வந்த முயலை மாமா புரட்டிப் பார்த்தார். மடிக்காம்புகள் பாலில் நனைந்திருந்தன. முயல் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் அதைப் புதரில் விட்டுவிட்டு மேயப் போகும். அந்தக் குட்டிகளைத் தேடி விடியும்வரை புதர் புதராக லைட் அடித்தோம். கிடைக்கவில்லை. மாமா ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு நாய்கள் தோட்டக் காவலுக்கு மட்டும் வந்தன, அந்த லைட் தண்ணீர் பாய்ச்சப் போகும் இரவுகளுக்கு ஆனது.

நம் மதுரைத் திருவிளையாடல் கதைகளில் ஒன்று நினைவிருக்கிறதா? பாண்டியன் வேட்டையில் தாய் தகப்பன் பன்றிகள் இரண்டும் செத்துவிட, அநாதையாகக் கிடந்த பன்னிரண்டு குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று சொல்வார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆச்சி. அந்த முயல் இரவுக்குப் பிறகுதான் அந்தக் கதை எனக்குப் புரிந்தது.

வேட்டையில் எனக்குப் பிடித்தது நடையும், தடம் பார்ப்பதும், இருட்டில் காது கொடுத்துக் கேட்பதும். அது எல்லாம் இன்றும் என்னிடம் இருக்கிறது. சாக்கு மட்டும் இல்லை.

முயல், காடை, கௌதாரி அடிக்கச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?

இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022இல் அதைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடப்பில் இருக்கிறது. அதிகப் பாதுகாப்புப் பெறும் முதல் பட்டியலில் உள்ள உயிரைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தின் பார்வையில் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, நாயை ஏவுவது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்ததே போதும், ஒன்றும் மாட்டவில்லை என்று தப்பிக்க முடியாது. "எங்கள் பட்டா நிலம்" என்பதும் செல்லாது.

காடை சாப்பிட ஆசை என்றால் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை கடைகளில் கிடைக்கிறது. ரோட்டோரம் உயிரோடு தொங்கவிட்டு விற்கும் கௌதாரியையும் கொக்கையும் வாங்காதீர்கள். வாங்குகிற கை இருப்பதால்தான் கண்மாயில் கண்ணி விழுகிறது.

சிவராத்திரியை ஒட்டி எங்கள் ஊரில் பாரி வேட்டை உண்டு. அதையும் விடச் சொல்கிறீர்களா?

சாமி காரியத்தை விடச் சொல்ல நான் யார்? அந்த வழக்கத்தை மதிக்கிறேன். ஊரே ஒன்று கூடி வேல்கம்பும் கொம்பு வாத்தியமுமாகக் காட்டு எல்லை வரை போவதில் ஒரு அழகு இருக்கிறது. பழைய சிவகங்கை, மதுரைச் சீமையில் வளரி என்ற வளைந்த எறிதடியை வீசத் தெரிந்தவர்கள் இருந்த காலம் ஒன்று. மருது சகோதரர்களின் 1801 போருக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் ஆயுதங்களைப் பறித்தபோது வளரியும் போனது. அந்த நினைவெல்லாம் இந்த ஒரு நாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கொன்ற முயலுக்கு வனத்துறை வழக்குப் போடும். திருவிழா என்று விலக்குக் கிடையாது. என் அம்மா பிறந்த ஊரில் இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதே பாதையில் போகிறார்கள், எல்லைச் சாமிக்குப் பொங்கல் வைத்து, சேவல் அறுத்துத் திரும்புகிறார்கள். முதல் வருடம் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வருடம் பெண்களும் குழந்தைகளும் கூட வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு ஆண்கள் மட்டும்தான் போவார்கள்.

ஏர்கன் வாங்கலாமா? லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே?

குறைந்த சக்தி உள்ள சில ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. வைத்துக்கொள்ளத்தான் தேவையில்லை, அதை வைத்துக் கௌதாரியையும் மடையானையும் சுட்டால் மேலே சொன்ன சட்டம் பாயும். குறிபார்த்துச் சுடுவதில் உண்மையான ஆர்வம் இருந்தால் ரைபிள் கிளப்பில் சேருங்கள், மதுரையிலேயே இருக்கிறது. பையன்களுக்கு உண்டிவில் செய்து கொடுத்தால் வேலிக்கம்பில் கொட்டாங்குச்சியைக் கட்டிவிட்டு அதை அடிக்கச் சொல்லுங்கள்.

வேட்டை நாய் இனங்களை வளர்ப்பது தப்பா?

தப்பே இல்லை, வளருங்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் தென்சீமைச் சொத்து. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. சிப்பிப்பாறையை மாடிப் போர்ஷனில் கட்டிப்போட்டு வளர்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது ஓடப் பிறந்த உடம்பு. தினமும் ஓடவிட இடமும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள். மலையடிவாரத்தில் அவிழ்த்துவிடவும் கூடாது. முயலைக் கண்டால் அது நம் பேச்சைக் கேட்காது.

வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லை. என்ன மருந்து வைக்கலாம்?

மருந்துக்கு முன்னால் வந்திருப்பது யார் என்று பாருங்கள். "எலி" என்று நாம் சொல்வதில் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

கீச் கீச் என்று கத்திக்கொண்டு சுவர் ஓரமாகவே ஓடும், மூக்கு நீளமாக, ஒரு வாடை அடிக்கும் என்றால் அது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சிகளைத் தின்னும். பிள்ளையாருக்கு வாகனமாக நிற்பதும் அதுதான் என்பார்கள். அதைக் கொன்றுவிட்டுக் கரப்பானுக்கு மருந்தடிப்பதில் அர்த்தமில்லை. விட்டுவிடுங்கள்.

அலமாரித் துணியைக் கடிப்பது சுண்டெலி. பரணிலும் ஓட்டிலும் திரிவது வீட்டெலி. சாக்கடை ஓரம், மாட்டுக்கொட்டகை, அஸ்திவாரம் என்று மண்ணைத் தோண்டிக் குவிப்பது பெருச்சாளி. வயலில் நெற்கதிரை வெட்டி வளைக்குள் சேர்ப்பது வரப்பெலி. ஒவ்வொன்றுக்கும் பொறி வேறு, வைக்கிற இடம் வேறு. சுண்டெலிக்குச் சின்னப் பொறி, சுவரை ஒட்டி. வீட்டெலிக்குக் கூண்டு, அது வழக்கமாக ஓடும் பாதையில். புதுப் பொருளைப் பார்த்தால் எலி இரண்டு நாள் ஒதுங்கும். அதனால் முதல் இரண்டு நாள் பொறியைக் கட்டாமல் தீனியை மட்டும் வையுங்கள். மூன்றாம் நாள் கட்டுங்கள். மசால் வடையை விட, நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லும் கருவாட்டுத் தலையும் எனக்கு நன்றாக வேலை செய்தன. பெருச்சாளிக்கு வலுவான இரும்புக் கூண்டு வேண்டும், தகரக் கூண்டை நெளித்துவிடும்.

இதெல்லாம் பாதி வேலைதான். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலி உள்ளே வரும். உடைந்த கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் கலந்து அடையுங்கள். அடுப்படியில் இரவு சோற்றுப் பருக்கை கிடக்கக் கூடாது, கோழித் தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். பொறியைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விஷம் பற்றி எனக்கு வருத்தமான அனுபவம் உண்டு. ஒரு தடவை கொட்டகையில் விஷ கேக் வைத்தேன். எலி சாகச் சில நாள் ஆகும். அதற்குள் தள்ளாடித் திரிந்த எலிகளைத் தின்ற கூகை ஒன்று மொட்டை மாடியில் இறக்கை விரித்தபடி செத்துக் கிடந்தது. இதய வடிவ வெள்ளை முகம், பார்த்தால் மனிதக் குழந்தை போல. எங்கள் தெருவில் எலி பிடிக்கச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தது அது ஒன்றுதான், அதை நான் கொன்றுவிட்டேன். அன்றோடு விஷத்தை நிறுத்தினேன். டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது உள்ளே போனால் ஈரலை அழிக்கும், அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

வயல்காரர்கள் ஆள் உயரத்துக்கு மேலே குறுக்குக் கம்பு வைத்த பறவைத் தாங்கிகளை நட்டுப் பாருங்கள். இரவில் ஆந்தையும் கூகையும் அதில் உட்கார்ந்து எலி பார்க்கும். தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறி வைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ராத்திரி ஓட்டு மேலே ஆள் நடப்பது போலச் சத்தம் கேட்கிறது. பேயா?

மரநாய். பெயரில் நாய் இருந்தாலும் நாய் இனம் இல்லை, மரப்பூனை என்றும் சொல்வார்கள். பழைய ஓட்டு வீடு, பக்கத்தில் பனையோ மாவோ இருந்தால் கட்டாயம் வரும். பழம், எலி, பூச்சி எல்லாம் தின்னும். பனையில் கட்டிய கலயத்தில் கள்ளையும் குடித்துவிடும். பரணில் குட்டி போட்டிருந்தால் ஓரிரு மாதம் பொறுங்கள். குட்டிகள் பெரிதானதும் அவை தாமாகப் போகும், அப்புறம் ஓட்டையை அடையுங்கள். குட்டியை உள்ளே விட்டு அடைத்தால் தாய் ஓட்டைப் பிரித்துவிடும்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. அடிக்காமல் என்ன செய்ய?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், உயிர் விஷயம்.

நம் பக்கம் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். வீட்டுப் பக்கம் அதிகம் தென்படுவது சாரைப்பாம்பு. அது எலியைத் தேடி வருகிறது, விஷம் கிடையாது. ஓலைப்பாம்பைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடிப்பதும், கட்டுவிரியனை ஓலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் எடுப்பதும் இரண்டுமே நடக்கிறது. ஆகவே தெரியாத பாம்பு எதையும் தொடாதீர்கள். நன்றாகத் தள்ளி நின்று, ஒருவர் கண்ணை எடுக்காமல் அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லட்டும். பாம்பு தப்பித்துப் போக ஒரு பக்கம் வழி விடுங்கள். மூலையில் மடக்கி அடிக்கப் போகும்போதுதான் பல பேருக்குக் கடி விழுகிறது.

கட்டுவிரியன் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அது இரவில் திரிவது. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போகும். வலி இருக்காது, கடித்த தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியாமல் சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். அஜீரணம் என்று நினைத்து சோடா கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். கிராமத்தில் தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள்.

கடித்துவிட்டால்: கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் எதுவும் இருந்தால் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் இறுக்கும். கை காலை ஆட்டாமல் ஒரு மரச்சட்டம் வைத்துக் கட்டி, ஆளைப் படுக்க வைத்தே கொண்டுபோங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து உண்டு. ஒரே மருந்துதான் அந்த நான்கு பாம்புக்கும் கொடுக்கிறார்கள். ஆகவே பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் போய்விடலாம்.

நாகமும் சாரையும் பிணைகிறது என்கிறார்களே, அப்படிப் பின்னிக்கொண்டு எழும்பி நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன. பாம்பு பழிவாங்காது, பால் விரும்பிக் குடிக்காது. கொம்பேறி மூக்கன் கடித்தவரின் சிதை எரிவதை மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பதும் கதைதான். பாவம், அது பல்லியும் தவளையும் தின்று பிழைக்கும் ஒல்லிப் பாம்பு.

அரணை கடித்தால் மரணமா?

எதுகைக்காக வந்த பேச்சு. அரணைக்கு விஷமே இல்லை.

ஓணானுக்கும் இதே கதிதான். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் ஓணானை அடித்தார்கள். நானும் அடித்திருக்கிறேன். தோட்டத்தில் பூச்சியைப் பிடிப்பது அது. பூரான் வருவது ஈரத்தைத் தேடி, செங்கல் குவியலையும் பழைய சாக்கையும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மயில் விதையைக் கொத்திவிடுகிறது. விரட்டினாலும் போவதில்லை.

இது உண்மையான கஷ்டம், விவசாயி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நிலக்கடலை போட்ட மறுநாள் இருபது மயில் வரிசையாகக் கிளறுவதைப் பார்த்திருக்கிறேன். தக்காளி, மிளகாயையும் விடுவதில்லை. நரி குறைந்ததும் சீமைக்கருவேலப் புதர் பெருகியதும் மயில் பெருக முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் விஷம் வைத்து மொத்தமாகக் கொல்வதை ஏற்கவே முடியாது. 1963 முதல் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதை விடுங்கள். திருப்பரங்குன்றத்துக் காலடியில் இருந்துகொண்டு மயிலுக்கு விஷம் வைக்க ஒரு மதுரைக்காரனுக்குக் கை எப்படி வரும்? விஷம் வைத்த தானியத்தைக் கௌதாரியும் புறாவும் பக்கத்துத் தோட்டத்துக் கோழியும் சேர்த்துத்தான் தின்னும்.

முளைத்து நாலு இலை விடும்வரை காவல் காத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பளபளப்பான ரிப்பனை முறுக்கிக் கட்டினால் காற்றில் சத்தம் போட்டு மின்னும், ஒரு வாரம் பயப்படும். அப்புறம் பழகிவிடும், இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும். நாற்றங்காலுக்கு வலைதான் ஒரே வழி. நாலைந்து தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்கு போகும்.

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசு சொல்லிவிட்டதாமே?

அரைகுறையாகப் பரவிய செய்தி. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் மட்டும். நீங்களும் நானும் நாட்டுத் துப்பாக்கியை எடுக்க அதில் இடம் இல்லை.

வேண்டாத இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மின்வேலி. லைனிலிருந்து நேரடியாகக் கம்பியில் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். மோட்டார் வேலையில் இருப்பதால் சொல்கிறேன், என்னிடம் வந்து "ஒரு கம்பி இழுத்துக் கொடுங்கள்" என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விடிகாலையில் தண்ணீர் திருப்ப வரும் பக்கத்துக் காட்டுக்காரர்தான் அதில் முதலில் மாட்டுவார். இரண்டு, அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் போடுவது. பன்றி கடிக்கும், அல்லது மேய வந்த மாடு கடிக்கும். வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பத்து நாள் கிடந்து சாவதைப் பார்த்தவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

வேலை செய்பவை எளியவை. பழைய சேலைகளை நிலத்தைச் சுற்றி இரண்டு வரிசை கட்டுவது பரவலாக நடக்கிறது. பன்றிக்குக் கண் கூர்மை குறைவு, மூக்குத்தான் எல்லாம். சேலையில் இருக்கும் ஆள் வாடைக்கும் அசைவுக்கும் தயங்கும். சலூனில் கிடைக்கும் முடியை வரப்பில் தூவுவார்கள், மோந்து வரும்போது மூக்கில் ஏறும். இரண்டுமே நாலைந்து வாரம்தான் தாங்கும். அறுவடைக்கு முந்தைய மாதத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே செய்து வீணாக்காதீர்கள். கண்மாய்க்குள் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம்தான் அவற்றுக்குப் பகல் வீடு. ஊர் கூடி அதை வெட்டிய இடங்களில் பன்றி நடமாட்டம் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனு கொடுங்கள். இழப்பீடு உண்டு. மனு கொடுக்காத சேதம் கணக்கில் வராது.

அழகர்கோயில் போனால் குரங்கு பையைப் பறிக்கிறது. வீட்டுக்கும் வருகிறது.

நாம் கொடுத்துப் பழக்கியது. நூபுர கங்கைக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்திருந்தால் அதற்குத் தீனி என்று தெரியும். பையைத் துணிப்பைக்குள் வையுங்கள், நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். குரங்குக்கு அது மிரட்டல். வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்குக் கம்பிவலை. யாராவது ஒருவர் பரிதாபப்பட்டு வாழைப்பழம் வைத்தால் தெருவே அனுபவிக்கும்.

சிறுமலை, பாலமேடு பக்கம் காட்டுமாடு எதிரே வந்தால்?

நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம், ஹாரன் வேண்டாம். மெல்லப் பின்வாங்கி ஒரு பெரிய மரத்தையோ பாறையையோ நடுவில் வையுங்கள். தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் சுவர் எழுப்புங்கள். கோடையில் தண்ணீர் தேடி வரும் மாடு இருட்டில் அதற்குள் விழுகிறது.

மீனாட்சி கையில் கிளி இருக்கிறதே, வீட்டில் கூண்டில் வளர்த்தால் என்ன?

பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம். அம்மன் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டு இல்லை. கொய்யா மரத்தில் நாலு பழத்தைப் பறிக்காமல் விடுங்கள், தினமும் வரும்.

நரி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, குறைவாக. நரியைப் பரியாக்கிய ஊர் இது. ஒரு காலத்தில் நாகமலைக்குப் பின்னால் இருட்டியதும் ஊளை வரிசையாக எழும். இப்போது மாதத்தில் ஓரிரு இரவு கேட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். நரிக்கொம்பு என்று விற்கப்படுவது மோசடி, நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை.

மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை என்கிறார்களே?

ஏமாற்று வேலை. வாங்குபவரும் மாட்டுவார், பிடித்துக் கொடுப்பவரும் மாட்டுவார். அதற்கு இரண்டு தலை கிடையாது, மொண்ணையான வால்தான் தலை போலத் தெரிகிறது. அது நக்கினால் தோல் வெளுக்கும் என்பதும் பொய். அழுங்கின் செதில், உடும்பு ரத்தம், தேவாங்கு என்று கேட்டு வருபவர்களும் இதே கூட்டம்தான். அழுங்கு கரையானையும் எறும்பையும் தின்று வாழும் பரம சாது. ஆபத்து வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். புலிக்கும் அந்தச் செதில் எளிதில் அசையாது. மனிதன் மட்டும் அப்படியே எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். தேவாங்குக்காகத் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 2022இல் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அய்யலூர்ப் பக்கம் போகிறவர்கள் ராத்திரியில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

சுடாமல், பிடிக்காமல் பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 193 ஹெக்டேர், ஏழு குன்றுகள். ராசாளி வகைகளையும் பெரிய கழுகுகளையும் பாறை இடுக்கில் பார்க்கலாம். டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் மக்கள் திரண்டு எழுந்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்ததும் எல்லோரும் அறிந்தது. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. போனால் பாறையில் குப்பை போடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டிய கண்மாய்களுக்கு நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கூடு கட்ட வரும். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மழை நன்றாகப் பெய்த வருடம் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள்.

பக்கத்திலேயே வேண்டுமென்றால் கீழக்குயில்குடி சமணர் மலை, வண்டியூர்க் கண்மாய், சாமநத்தம் கண்மாய். சூரியன் எழுவதற்கு அரைமணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். போனில் பாட்டு வேண்டாம்.

குழந்தைகளை அழைத்துப் போனால் சலித்துவிடுவார்களே?

பறவையைத் தேடச் சொன்னால் சலிக்கும், தடம் தேடச் சொல்லுங்கள். வைகையில் தண்ணீர் இல்லாத காலத்தில் மணலே ஒரு சிலேட்டுப் பலகை. இரவு நடந்தவர் எல்லாரும் அதில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நகம் பதிந்திருந்தால் நாயோ நரியோ கீரியோ, நகம் இல்லாத வட்டத் தடம் பூனை. நெளிநெளியாகக் கோடு, நடுவில் கால் தடமே இல்லை என்றால் பாம்பு. நடுவில் ஒரு கோடும் இரண்டு பக்கமும் விரல் தடமும் என்றால் உடும்பு, அது வாலை இழுத்துக்கொண்டு போன கோடு. இரண்டு சின்னக் குழி ஒன்றன்பின் ஒன்றாக, அதற்கு முன்னால் இரண்டு நீளக் குழி பக்கம் பக்கமாக இருந்தால் முயல். ஓடும்போது அதன் பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி விழும். ஆகவே நீளக் குழி இருக்கும் பக்கம்தான் அது போன திசை.